கவுன்ட்டி கச்சேரி: வாசகர் கேள்விகளும் நம்ம பதில்களும்

போன இதழ்ல "உங்க கவுன்ட்டி மீட்டிங் பத்தி ஏதாவது கேக்கணும்னா எழுதுங்க"ன்னு கடைசி பக்கத்துல ஒரு வரி சும்மா போட்டு வெச்சேன், இன்பாக்ஸ் நெறைஞ்சு போச்சு. அமெரிக்கால இருக்கற நம்மாளுங்க இத்தனை பேர் ராத்திரி ஏழு மணிக்கு அந்த ஹால்ல போய் உக்காந்திருக்கீங்கன்னு எனக்கு தெரியவே தெரியாது. பேரு போடாதீங்கன்னு பாதி பேர் கேட்டதால யார் பேரும் போடல, எந்த பக்கம்னு மட்டும் போட்டிருக்கேன். ஏன் கச்சேரின்னு பேர்? நம்ம தாத்தா காலத்துல தாலுகா ஆபீஸுக்கே கச்சேரின்னு தான் பேரு. அங்கயும் நின்னுட்டு இருக்கறவன் ஒரு ராகம் பாடுவான், உக்காந்திருக்கறவர் வேற தாளம் போடுவார்.

கே: கவுன்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம், போர்டு சேர்மன்னா கலெக்டர், அப்படி எடுத்துக்கலாமா சார்? (வட கரோலினா)

ப: எடுத்துக்கலாம், ஆனா ரெண்டாவது மீட்டிங்லயே மாட்டிப்பீங்க. கலெக்டர் பரீட்சை எழுதி வந்த ஆபீசர், அவர் மேல கோவம்னா மனு குடுக்கலாம், அவ்ளோ தான், அடுத்த எலெக்ஷன்ல தூக்க முடியாது. இங்க போர்டுல உக்காந்திருக்கறவங்க ஓட்டு வாங்கி வந்தவங்க, தினசரி வேலைய பாக்க பல கவுன்ட்டில அவங்களே ஒரு மேனேஜரை சம்பளத்துக்கு வெச்சிருப்பாங்க. பேரு தான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். கலிஃபோர்னியா, வர்ஜீனியால போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், உங்க ஊர்லயும் ஜார்ஜியாலயும் கமிஷனர்ஸ், டெக்சஸ்ல கமிஷனர்ஸ் கோர்ட், லூசியானால கவுன்ட்டின்னே சொல்ல மாட்டாங்க பாரிஷ்ம்பாங்க, கனெக்டிகட்ல 1960லயே கவுன்ட்டி அரசாங்கத்தையே கலைச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சைஸும் அப்படித்தான். டெக்சஸ்ல 254 கவுன்ட்டி, டெலவேர்ல மூணே மூணு. 2020 சென்சஸ்ல டெக்சஸ் லவிங் கவுன்ட்டில இருந்தது 64 பேர், ஒரு கல்யாண பந்திக்கு காணாது, அதே சென்சஸ்ல லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டில ஒரு கோடி பேர், அத்தனை பேருக்கும் சேர்த்து சூப்பர்வைசர் அஞ்சு பேர் தான். அதை ஒன்பது ஆக்கணும்னு 2024 நவம்பர்ல அங்க ஓட்டு போட்டு முடிவு பண்ணியிருக்காங்க.

முக்கியமான விஷயம் வேற ஒண்ணு இருக்கு. கவுன்ட்டிக்கு சொந்தமா அதிகாரம்னு பெருசா எதுவும் கிடையாது, ஸ்டேட் குடுத்தது தான். 1868ல அயோவால ஜான் டில்லன்னு ஒரு ஜட்ஜ் இதை தீர்ப்பாவே எழுதி வெச்சார், வர்ஜீனியா மாதிரி ஸ்டேட்ல இன்னிக்கும் அந்த டில்லன் ரூலை வெச்சு தான் வண்டி ஓடுது. அதனால எந்த பிரச்னைய எடுத்துட்டு போறதுக்கு முன்னாடியும் முதல்ல கேக்க வேண்டியது "இந்த பூட்டுக்கு சாவி யார் கையில இருக்கு"ன்னு தான். கீழ வந்திருக்கற கேள்விகள்ல பாதி, தப்பான கதவை தட்டின கதை.

கே: எங்க வீட்டு பின்னாடி மரக்காடு, அதை பாத்து தான் இந்த வீட்டையே வாங்கினோம். இப்ப ரோட்டோரத்துல ஒரு போர்டு நட்டு வெச்சிருக்காங்க, பப்ளிக் ஹியரிங், அதாவது மக்கள் கருத்து கேக்கற கூட்டம்ன்னு போட்டு ஒரு தேதி. விசாரிச்சா டேட்டா சென்டராம், இன்டர்நெட்டுக்கான கம்ப்யூட்டரை அடுக்கி வெக்கற பெரிய கட்டடம். எல்லாரும் போய் பேசினா நிறுத்த முடியுமா? இல்ல எல்லாம் ஏற்கனவே முடிவான விஷயமா? (வடக்கு வர்ஜீனியா)

ப: இந்த இதழ்ல இது தான் பெரிய கேள்வி, கொஞ்சம் உக்காந்து பேசலாம்.

முதல்ல அந்த போர்டை போட்டோ எடுத்துக்கோங்க. அதுல ஒரு அப்ளிகேஷன் நம்பர் இருக்கும், அதை கவுன்ட்டி வெப்சைட்ல போட்டு தேடினா பில்டர் குடுத்த பிளான், டிராஃபிக் ஸ்டடி, ஸ்டாஃப் ரிப்போர்ட் எல்லாம் வரும். ஸ்டாஃப் ரிப்போர்ட்னா கவுன்ட்டி பிளானிங் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க எழுதறது, "இது நம்ம காம்ப்ரிஹென்சிவ் பிளானுக்கு (எங்க என்ன வரணும்னு கவுன்ட்டி போட்டு வெச்சிருக்கற நீண்ட கால திட்டம்) ஒத்து வருதா இல்லையா"ன்னு. நம்மாளுங்க நூறு பேர் மெயில் போடுவாங்க, இதை படிச்சவங்க நாலு பேர் கூட இருக்க மாட்டாங்க. அந்த நாலு பேர் பேசறப்ப தான் போர்டுல இருக்கறவங்க பேனாவ எடுப்பாங்க, நான் பல தடவ பாத்திருக்கேன்.

அடுத்து, இந்த ஹியரிங் எதோட ஹியரிங்ன்னு பாருங்க. பிளானிங் கமிஷனா, சூப்பர்வைசர் போர்டா? கமிஷன் சிபாரிசு தான் பண்ணும், ஓட்டு போட்டு முடிக்கறது போர்டு. கமிஷன் லெவல்லயே போயிட்டீங்கன்னா உங்களுக்கு டைம் இருக்கு, பில்டரும் இன்னும் வளைஞ்சு குடுக்கற நேரம் அது. போர்டு ஓட்டு போடற ராத்திரி முதல் தடவையா போய் அழுதா, தாலி கட்டினதுக்கப்புறம் ஜாதகம் பாக்கற கதை தான்.

மூணாவது, ரீசோனிங் தேவையா இல்ல பை-ரைட்டா. ரீசோனிங்னா அந்த நிலத்துல என்ன கட்டலாம்ங்கற விதியையே போர்டு மாத்திக் குடுக்கறது. பை-ரைட்னா அந்த நிலத்துல அதை கட்ட ஏற்கனவே உரிமை இருக்கு, ஹியரிங்கே கிடையாது, நீங்க போய் பேச மைக்கும் கிடையாது. லவுடன் கவுன்ட்டில இத்தனை டேட்டா சென்டர் வளர்ந்ததுக்கு ஒரு பெரிய காரணம் அது தான், 2025 மார்ச்ல தான் போர்டு அதை எடுத்துட்டு இனிமே ஒவ்வொண்ணும் எங்க முன்னாடி வரணும்னு மாத்தினாங்க. உங்க ரோட்டோரத்துல ஹியரிங் போர்டு நட்டிருக்காங்கன்னா பை-ரைட் இல்லன்னு அர்த்தம், அந்த வரைக்கும் அதிர்ஷ்டம்.

நிறுத்த முடியுமான்னு கேட்டீங்க. பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டி கதைய கேளுங்க. மனாசஸ் போர்க்கள பார்க் ஓரமா 2,000 ஏக்கருக்கு மேல டேட்டா சென்டர், டிஜிட்டல் கேட்வேன்னு பேரு. ஊரே ரெண்டா பிரிஞ்சு நின்னுச்சு. ஆதரவா இருந்த போர்டு சேர்மன் 2023 ஜூன்ல கட்சிக்குள்ள வேட்பாளரை தேர்ந்தெடுக்கற பிரைமரிலயே தோத்துட்டாங்க, சரி மக்கள் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சா, புது போர்டு ஜனவரில வர்றதுக்கு முன்னாடி டிசம்பர்ல பழைய போர்டு ஹியரிங் வெச்சு, கிட்டத்தட்ட 27 மணி நேரம் விடிய விடிய மக்களை பேச விட்டு, கடைசில 4க்கு 3ன்னு ஓட்டு போட்டு பாஸ் பண்ணிட்டாங்க. இருபத்தேழு மணி நேரம் பேசியும் ஓட்டு மாறல பாத்தீங்களா. ஆனா 2025 ஆகஸ்ட்ல சர்க்யூட் கோர்ட் ஜட்ஜ் அந்த ரீசோனிங் செல்லாதுன்னுட்டாங்க. எதுக்கு தெரியுமா? சத்தம், தண்ணி, கரண்ட், போர்க்களம் எதுக்கும் இல்ல. ஹியரிங்குக்கு பேப்பர்ல போட வேண்டிய விளம்பரத்தை சட்டம் சொன்ன மாதிரி போடல, அதுக்கு! கேஸ் அப்பீலுக்கு போச்சு, அது தனி கதை. ஆனா நான் இதுலருந்து எடுத்துக்கிட்டது, பேச்சை விட தேதிய கவனிச்சவங்க தான் அங்க ஒரு ரவுண்டாவது ஜெயிச்சாங்க. அதனால உங்க ரோட்டு போர்டை எந்த தேதில நட்டாங்க, பேப்பர்ல எப்ப வந்துச்சு, எல்லாம் குறிச்சு வெச்சுக்கோங்க.

நிறுத்த முடியலன்னாலும் மாத்த முடியும். வர்ஜீனியால ப்ராஃபர்னு ஒண்ணு இருக்கு, பில்டர் எழுத்துல குடுக்கற வாக்குறுதி, ரீசோனிங் பாஸ் ஆனதும் அது நிலத்தோட ஒட்டிக்கும், நாளைக்கு வேற கம்பெனிக்கு வித்தாலும் அவனையும் கட்டும். மரம் எத்தனை அடி விடணும், கட்டடம் எவ்ளோ உயரம், டீசல் ஜெனரேட்டரை எந்த நேரத்துல டெஸ்ட் பண்ணலாம், கூரை மேல இருக்கற ஃபேன் சத்தத்தை உங்க வேலி ஓரத்துல அளந்தா எவ்ளோ இருக்கலாம், இதெல்லாம் அங்க எழுத வைக்கலாம். "வேண்டவே வேண்டாம்"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தவங்களுக்கு கடைசில டேட்டா சென்டரும் வரும், மரமும் போகும். ஆனா ஒண்ணு, அதுக்கு வர்ற ஹை டென்ஷன் லைன் எந்த வழியா போகுதுங்கறது கவுன்ட்டி கையில இல்ல, ரிச்மண்ட்ல ஸ்டேட் கார்ப்பரேஷன் கமிஷன் முடிவு பண்றது. அதுக்கு தனியா ஓடணும்.

கே: எங்க தெருவுல பள்ளம், ரெண்டு தடவ கவுன்ட்டி மீட்டிங்ல மைக்ல சொல்லியாச்சு, தலைய ஆட்டறாங்க, ஒண்ணும் நடக்கல. என்ன சார் ஜனநாயகம்? (இதுவும் வர்ஜீனியா)

ப: தப்பான கதவு. வர்ஜீனியால 1932லருந்து கவுன்ட்டி ரோட்டை ஸ்டேட் எடுத்துக்கிச்சு, ஆர்லிங்டன், ஹென்ரைகோ ரெண்டு மட்டும் தான் தன் ரோட்டை தானே பாத்துக்கற கவுன்ட்டி. நீங்க ஸ்டேட் போக்குவரத்து துறை வெப்சைட்ல கம்ப்ளைன்ட் போடுங்க. உங்க காலனி ரோடு ஸ்டேட் எடுத்துக்காத தனியார் ரோடா இருந்தா ஹெச்ஓஏ, அதாவது உங்க காலனி வீட்டுக்காரங்க சங்கத்தோட தலையெழுத்து.

கே: சொத்து வரிக்காக வீட்டு மதிப்பை இஷ்டத்துக்கு ஏத்தி நோட்டீஸ் வந்திருக்கு. கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கு போய் மூணு நிமிஷம் கத்திட்டு வந்தேன், கவுன்ட்டி ஜட்ஜ் "அது நாங்க பண்றதில்ல"ன்னு சொல்லிட்டார். ஜட்ஜே பொய் சொல்றாரா? (டாலஸ் பக்கம்)

ப: மனுஷன் உண்மைய தான் சொன்னார். அதோட அவர் நீங்க நினைக்கற ஜட்ஜும் இல்ல, டெக்சஸ்ல கவுன்ட்டி ஜட்ஜ்னா நிர்வாகத்துக்கு தலைவர் மாதிரி, வக்கீல் படிப்பு கூட கட்டாயம் கிடையாது. அவரும் நாலு கமிஷனரும் சேர்ந்தது தான் கமிஷனர்ஸ் கோர்ட், பேரு தான் கோர்ட்.

உங்க வீட்டுக்கு விலை போடறது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அது தனி ஆபீஸ். அதுல சண்டை போடணும்னா மே 15க்குள்ள, இல்ல நோட்டீஸ் அனுப்பின நாள்லருந்து 30 நாளுக்குள்ள, ரெண்டுல எது பிந்தியோ அதுக்குள்ள ப்ரொடெஸ்ட் போடணும். போட்டுட்டு "நீங்க எதை வெச்சு இந்த விலை போட்டீங்க, அந்த பேப்பரை குடுங்க"ன்னு கேளுங்க, ஹியரிங்குக்கு 14 நாள் முன்னாடி குடுத்தாகணும். அதுல உங்க வீட்டு சதுர அடியே தப்பா இருக்கும், இல்லாத நீச்சல் குளம் இருக்கும், சிரிப்பு வரும். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வீட்ல சுவத்துல விரிசல், அஸ்திவாரம் எறங்கினது, அதுக்கு கான்ட்ராக்டர் குடுத்த எஸ்டிமேட்டை பிரின்ட் எடுத்து போட்டோவோட கொண்டு போனான், எதுவும் பெருசா பேசல, பேப்பரை தள்ளினான், கொறைச்சாங்க. நீங்க கத்தின மூணு நிமிஷத்தை விட அந்த எஸ்டிமேட் நல்லா பேசும்.

சொந்தமா குடியிருக்கற வீடுன்னா ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ஷன் போட்டீங்களா? வாங்கின குஷில மறந்துடறவங்க எக்கச்சக்கம். வரி போடறப்ப வீட்டு மதிப்புலருந்து கழிக்கற சலுகை அது. ஸ்கூல் டாக்ஸ்ல 2025 நவம்பர் ஓட்டுக்கு அப்புறம் அந்த கழிவு 1,40,000 டாலர், அதோட வரி போடற மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாதுங்கற கேப்பும் அது மூலமா தான் கிடைக்கும்.

அப்ப கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கு போறதே வேஸ்ட்டான்னா இல்ல. மதிப்பு வேற, ரேட் வேற. கவுன்ட்டி பங்குக்கான வரி ரேட்டை அவங்க தான் போடறாங்க, ஆகஸ்ட் செப்டம்பர்ல அந்த ஹியரிங் நடக்கும், 2019 சட்டப்படி பராமரிப்பு செலவுக்கான வசூலை 3.5 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா மக்கள் ஓட்டுக்கு போகணும். அதே 2019ல வந்த இன்னொரு சட்டத்தால அஜெண்டால இருக்கற விஷயத்துல உங்களை பேச விட்டே ஆகணும். ஆனா பில்லை எடுத்து பாருங்க, பெரும்பாலும் பெரிய பங்கு ஸ்கூலுக்கு போகும், அதுக்கு ஸ்கூல் போர்டு மீட்டிங். ஏப்ரல் மே மாசத்துல கத்த வேண்டியதை ஒரு எடத்துலயும், ஆகஸ்ட்ல கத்த வேண்டியதை இன்னொரு எடத்துலயும் கத்தணும். நீங்க ரெண்டையும் மாத்தி கத்திட்டீங்க, அவ்ளோ தான்.

கே: நான் ஹெச்1பி, வாடகை வீடு. மீட்டிங்ல எழுந்து பேசினா "நீ யார் கேக்க"ன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். விசாவுக்கு பிரச்னை வருமா? (நியூ ஜெர்சி)

ப: உங்க ஸ்டேட்ல ஒரு வேடிக்கை இருக்கு. 21 கவுன்ட்டிலயும் போர்டுக்கு 2020 முடியற வரைக்கும் என்ன பேரு தெரியுமா? போர்டு ஆஃப் சோசன் ஃப்ரீஹோல்டர்ஸ். ஃப்ரீஹோல்டர்னா சொந்த நிலம் வெச்சிருக்கறவன், அந்த காலத்துல நிலம் இருக்கறவனுக்கு தான் அங்க நாற்காலி. 2021 ஜனவரி 1லருந்து தான் கமிஷனர்ஸ்னு மாத்தினாங்க. ஸோ வாடகைக்காரங்களுக்கு கொஞ்சம் லேட்டா தான் மரியாதை வந்திருக்கு, ஆனா வந்துடுச்சு. மைக் முன்னாடி நிக்க பாஸ்போர்ட் கேக்கறதில்ல. பேரும் எந்த ஊருன்னும் கேப்பாங்க, சில எடத்துல உள்ளூர்க்காரங்களுக்கு முதல்ல வாய்ப்பு குடுப்பாங்க, அவ்ளோ தான். நீங்களும் அந்த தெருவுல தான் கார் ஓட்டறீங்க, உங்க பசங்களும் அந்த ஸ்கூல் பஸ்ல தான் ஏறறாங்க.

தொடக்கூடாத ஒண்ணு ஓட்டு. லைசென்ஸ் எடுக்கற எடத்துல "ஓட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணிக்கறீங்களா"ன்னு திரைல வரும், தூக்கக் கலக்கத்துல எஸ் அழுத்திடாதீங்க, சிட்டிசன்னு பொய் சொன்னதா ஆயிடும், க்ரீன் கார்டு கனவு அங்கயே கவுந்துடும். மேரிலாண்ட்ல டகோமா பார்க் மாதிரி சில எடத்துல 1990கள்லருந்தே சிட்டிசன் அல்லாதவங்களும் ஊராட்சி தேர்தல்ல மட்டும் ஓட்டு போடலாம், அது சட்டப்படியே விட்டது, உங்க ஊருக்கு அது கிடையாது.

அப்புறம், நியூ ஜெர்சில நில விவகாரம் பெரும்பாலும் டவுன்ஷிப், அதாவது உங்க ஊர் நிர்வாகம் கையில. கவுன்ட்டி பாக்கறது கவுன்ட்டி ரோடு, வடிகால் அந்த அளவு தான். அபார்ட்மென்ட் வருதுன்னு கவலைன்னா டவுன்ஷிப் பிளானிங் போர்டுக்கு போங்க.

கே: நாங்க மூணு நிமிஷம் உருகி உருகி பேசறோம், மேல உக்காந்திருக்கறவங்க கல்லு பிள்ளையார் மாதிரி பாத்துட்டு "தேங்க் யூ, நெக்ஸ்ட் ஸ்பீக்கர்"ங்கறாங்க. இது என்ன மரியாதை? (தெற்கு கலிஃபோர்னியா)

ப: எனக்கும் முதல் தடவ ரத்தம் கொதிச்சுது. அப்புறம் தான் தெரிஞ்சுது, கலிஃபோர்னியால அவங்க வாய் சட்டப்படி கட்டியிருக்கு. 1953ல ரால்ஃப் பிரவுன்னு ஒரு அசெம்ப்ளி மெம்பர் கொண்டு வந்த சட்டம், பிரவுன் ஆக்ட்ம்பாங்க. ரெகுலர் மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா ஒட்டணும், அஜெண்டால இல்லாத விஷயத்தை போர்டு விவாதிக்கவே கூடாது, ஒரு வரில பதில் சொல்லலாம், ஸ்டாஃப் கிட்ட பாக்க சொல்லலாம், அதோட நிறுத்திக்கணும். ஏன்னா அந்த விஷயத்துல அக்கறை இருக்கற மத்தவங்க அன்னிக்கு வரலையே, அவங்களுக்கு தெரியாம பேசி முடிக்கக்கூடாது. நியாயம் தானே. அதனால உங்க விஷயம் அஜெண்டால இல்லன்னா மைக்ல கேக்க வேண்டியது "இதை அஜெண்டால போடுங்க"ங்கற ஒரே வரி.

அஜெண்டால இருந்தும் பேசாம பாஸ் பண்றாங்கன்னா கன்சென்ட் கேலண்டரை பாருங்க. முப்பது நாப்பது ஐட்டத்தை ஒரே மூட்டையா கட்டி ஒரே ஓட்டுல தள்ளி விடற எடம் அது. கான்ட்ராக்ட் நீட்டிப்பு, வாடகை ஒப்பந்தம், கோடிக்கணக்கான டாலர் செலவு கூட அதுல உக்காந்திருக்கும். பெரிய சண்டைக்கு ஊரே வர்ற அன்னிக்கு, அதே அஜெண்டால பதினேழாவது ஐட்டமா எதுவோ சத்தமில்லாம கடந்து போயிருக்கும். ஒரு ஐட்டத்தை தனியா எடுத்து பேசுங்கன்னு மீட்டிங் முன்னாடியே உங்க சூப்பர்வைசர் ஆபீஸுக்கு போன் போட்டு கேட்டா பல நேரம் எடுப்பாங்க.

கே: தம்பி, நான் பையன் வீட்ல இருக்கேன். தினமும் நடந்து போய் லைப்ரரில தமிழ் பேப்பர், புஸ்தகம் எல்லாம் பாப்பேன், எனக்கு இங்க போக்கிடமே அது தான். நேரத்தை குறைக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. எனக்கு இங்லீஷ் தடுமாறும். நான் போய் தமிழ்லயே பேசினா அடிச்சு தொரத்திடுவாங்களா? (பே ஏரியா)

ப: அம்மா, தாராளமா போங்க. யாரும் தொரத்த மாட்டாங்க. உங்க ஸ்டேட்ல அதே பிரவுன் ஆக்ட்ல ஒரு அழகான வரி இருக்கு, மொழிபெயர்ப்பாளர் வெச்சு பேசறவங்களுக்கு மத்தவங்களுக்கு குடுக்கற நேரத்தைப் போல ரெண்டு மடங்கு குடுக்கணும்னு. எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம்னா உங்களுக்கு நாலு. பேர் சொல்ல இஷ்டம் இல்லன்னா அதையும் கட்டாயப்படுத்த முடியாது. பேத்தியோ பேரனோ பக்கத்துல நின்னு ஒவ்வொரு வரியா சொல்லட்டும்.

ஒரே ஒரு யோசனை. "லைப்ரரி நல்லது"ன்னு பேசாதீங்க, அது அவங்களுக்கும் தெரியும். நீங்க எத்தனை மணிக்கு போறீங்க, அந்த நேரத்துல எத்தனை பேர் உங்கள மாதிரி உக்காந்திருக்காங்க, மூடிட்டா எங்க போவீங்க, அதை சொல்லுங்க. ஒரு வாரம் எண்ணி ஒரு சின்ன நோட்ல எழுதி வெச்சுக்கோங்கம்மா. பட்ஜெட் வருஷம் ஜூலை 1 ஆரம்பம், அதனால மே, ஜூன்ல நடக்கற பட்ஜெட் ஹியரிங்குக்கு போங்க, ஆகஸ்ட்ல போனா பணம் பிரிச்சு முடிஞ்சிருக்கும். போயிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்க.

கே: எங்க கோயில் பக்கத்து நிலத்தை வாங்கி ஹால் கட்ட பெர்மிட் போட்டோம். ஹியரிங்ல அக்கம்பக்கத்துக்காரங்க டிராஃபிக், பார்க்கிங், சத்தம்னு அடுக்கறாங்க. உள்ளுக்குள்ள மதத்துவேஷம் தான், வெளில டிராஃபிக்ங்கறாங்க. எப்படி சமாளிக்கறது? (ஜார்ஜியா)

ப: துவேஷம் இருக்கறவங்களும் அந்த ஹால்ல இருப்பாங்க, நான் இல்லன்னு சொல்லல. 2000ல வந்த ஆர்எல்யுஐபிஏன்னு ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு, வழிபாட்டு எடத்தை மத்த கூட்டம் கூடற எடத்தை விட மட்டமா நடத்தக்கூடாது, காரணமில்லாம பெருஞ்சுமை ஏத்தக்கூடாதுன்னு. அதை உங்க வக்கீல் பைல வெச்சிருக்கட்டும். முதல் நாளே மேசை மேல போடாதீங்க.

ஏன் சொல்றேன்னா, வேற ஸ்டேட்ல இதே மாதிரி ஒரு ஹியரிங்குக்கு நான் போயிருந்தேன். நம்ம பக்கம் அறுபது பேர், பட்டுப் புடவை, வேட்டி, எல்லாரும் ஒரே கலர் ஸ்டிக்கர் ஒட்டிட்டு. ஒவ்வொருத்தரா வந்து "எங்க கோயில் அமைதியானது, எங்க கலாச்சாரம் தொன்மையானது"ன்னு சொன்னாங்க. கைதட்டல். அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு வயசானவர், விவசாயி மாதிரி தொப்பி, வந்து ஒண்ணுமே பேசல, நாலு போட்டோவ ஸ்க்ரீன்ல போடச் சொன்னார். நம்ம திருவிழா அன்னிக்கு அவர் வீட்டு வாசல் வழிய மறிச்சு மூணு கார், புல்தரைல டயர் தடம், தபால் பெட்டி சாஞ்சு கெடக்கு. "என் மனைவிக்கு அன்னிக்கு ஆம்புலன்ஸ் வந்திருந்தா?"ன்னு ஒரு கேள்வி, போய் உக்காந்துட்டார். ரெண்டு நிமிஷம் கூட ஆகல. எங்க வரிசைல யாரும் யார் முகத்தையும் பாக்கல. அதுல ஒரு கார் எனக்கு தெரிஞ்ச கார். அன்னிக்கு ஓட்டு தள்ளிப் போச்சு, கோயில் கமிட்டில ரெண்டு பேர் அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு போய் உக்காந்து பேசி, திருவிழா நாள்ல பக்கத்து ஸ்கூல் பார்க்கிங்லருந்து ஷட்டில் வேன் விடறதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அடுத்த ஹியரிங்குக்கு அவர் வரவே இல்ல.

உங்க ஊர் விதிகள் சில. ஜார்ஜியா சட்டப்படி ரீசோனிங் ஹியரிங்ல ஆதரவுக்கு கொறைஞ்சது 10 நிமிஷம், எதிர்ப்புக்கு 10 நிமிஷம் குடுக்கணும், பல எடத்துல அந்த பத்தோட சரி. அறுபது பேர் வந்து பிரயோஜனம் இல்ல, மூணு பேரை தேர்ந்தெடுங்க, அதுல ஒருத்தர் டிராஃபிக் என்ஜினியரா இருக்கட்டும், ஒருத்தர் கோயிலுக்கே வராத பக்கத்து வீட்டுக்காரரா கிடைச்சா அதை விட பலம் இல்ல. இன்னொண்ணு, ரெண்டு வருஷத்துக்குள்ள அந்த கமிஷனர் யாருக்காவது 250 டாலரோ மேலயோ தேர்தல் நன்கொடை குடுத்திருந்தா அப்ளிகன்ட் அதை வெளிப்படையா எழுதிக் குடுக்கணும். நம்ம கமிட்டிகள்ல ஃபண்ட்ரெய்சர்ல போட்டோ எடுத்துக்கற ஆர்வம் ஜாஸ்தி, அதனால இதை யார் யார் பேர்ல குடுத்தாங்கன்னு வக்கீல் கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

கே: மீட்டிங் எப்ப முடியும்னே தெரியல, சின்ன குழந்தை இருக்கு. கூட்டிட்டு போலாமா, இல்ல மெயில் போட்டா போதுமா? (இல்லினாய்ஸ்)

ப: மெயில் போதும், ஆனா யாரோ எழுதின மெயிலை காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, அதை எல்லாம் ஆபீஸ்ல "ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை"ன்னு எண்ணி ஓரமா வெச்சுடுவாங்க. ஐட்டம் நம்பர், உங்க வீடு அங்கருந்து எவ்ளோ தூரம், என்ன மாத்தணும், ஆறு வரி. ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது போய் சேரணும். முடிஞ்சா உங்க டிஸ்ட்ரிக்ட் மெம்பரோட உதவியாளரை போன்ல பிடிங்க, பதினஞ்சு நிமிஷம் குடுப்பாங்க, மைக்ல கிடைக்கறதை விட அஞ்சு மடங்கு.

நேர்ல போறதுன்னா குழந்தைய கூட்டிட்டு போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சார்ஜர், தண்ணி, பிஸ்கட், கலர் பென்சில். வாசல்லயே பேசறதுக்கு பேர் குடுத்துடுங்க, சில ஊர்ல மத்தியானமே ஆன்லைன்ல குடுத்திருக்கணும். என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப ஒரு தடவ என்னோட வந்து பேசறவங்களோட மூணு நிமிஷம் எப்ப முடியும்னு காட்டற பச்சை, மஞ்சள், சிவப்பு லைட்டையே மூணு மணி நேரம் பாத்துட்டு இருந்தா. மறுநாள் சாப்பாட்டு மேசைல நான் அவ ஹோம்வொர்க் பத்தி ஆரம்பிச்சதும் அடுப்படி டைமரை எடுத்து முன்னாடி வெச்சா. மூணு நிமிஷம் ஆனதும், "தேங்க் யூ அப்பா, நெக்ஸ்ட் ஸ்பீக்கர்." அடுத்து அவ அம்மா.